ஆயா குடுத்த வேலை

"அந்த மலைக்காரங்களுக்கு என்னத்த போய்க் கத்துக்குடுக்கற?"

பழைய ஆபீஸ் சிநேகிதி போன்ல கேட்டா. தப்பான எண்ணத்துல கேக்கல, அக்கறையாதான் கேட்டா. ஆனா எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அப்ப சரியா பதில் சொல்ல முடியல. கையில கொஞ்சம் சாமை, பக்கத்துல ஆயா, செல்லுல ஒரு கோடு சிக்னல். அதனால இங்க சாவகாசமா எழுதறேன். (அவ இதைப் படிப்பா. படிக்கணும்.)

நான் இப்ப இருக்கறது கொல்லிமலையில, குண்டூர் நாட்டுல. நாடுன்னா தேசம் இல்ல. மலைமேல பல சிற்றூர்களைச் சேர்த்து ஒரு நாடுன்னு சொல்றாங்க. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு... இப்படி. இன்னைக்கு ஊராட்சிப் பெயர்களும் இதேதான். பஸ் போர்டுல "நாடு நாடு"ன்னு பாத்துட்டு, ஏதோ ராஜாக்கள் காலத்துக்குள்ள வந்து எறங்கின மாதிரி இருந்துச்சு எனக்கு.

ராஜா காலமும் இங்க நிஜமாவே இருக்கு. செம்மேட்டுல வல்வில் ஓரிக்குச் சிலை. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தன், இந்த மலைக்குத் தலைவன். ஆடி 18 அன்னைக்கு அவனுக்கு அரசு விழாவே எடுக்குறாங்க. வன்பரணர் அவனைப் பத்திப் பாடினது புறநானூறுல இருக்கு. காட்டுல வேட்டையாடிட்டு இருந்தவன், வழியில வந்த பாணர் கூட்டத்துக்குக் கறியும் மதுவும் பொன்னும் குடுத்து அனுப்பினான்னு கதை. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணப்ப இது எனக்கு ரெண்டு மார்க் கேள்வி. இங்க வந்து மூச்சு வாங்கி நின்னப்பதான், வெளியூர்க்காரன் வந்தா முதல்ல வயித்தைக் கவனிக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சுது.

வர்ற வழியைச் சொல்லிடறேன். நாமக்கல்ல பஸ் ஏறி, சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி. அங்கதான் அடிவாரம். அங்க இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. முன்சீட்டுல ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்குல வெச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டாங்க. நான் மூடல. கீழ நெல்லும் வாழையும் சின்னதாகிட்டே போக, மேல மிளகுக்கொடி சுத்தின சில்வர் ஓக் மரமும் அதுக்குக் கீழ காப்பிச் செடியும் ஆரம்பிக்குது. பலாமரம் எங்க பாத்தாலும். கடல்மட்டத்துக்கு 1000 முதல் 1300 மீட்டர் உயரம்ங்கறதைக் காதுதான் முதல்ல சொல்லுச்சு, ரெண்டு தடவை அடைச்சுத் தெறந்துச்சு.

நான் வந்தது மாலை வகுப்புக்கு. ஒரு சின்னக் குழு, பசங்களுக்குத் தமிழ் வாசிக்கறதுல துணையா இருக்க ஆள் வேணும்னு கேட்டாங்க. வேலையை விட்டுட்டு இருந்த நேரம். சரின்னு கிளம்பிட்டேன். தங்க இடம் ஒரு ஆயா வீட்ல. (சேலம், நாமக்கல் பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவாங்க. சென்னை ஆட்கள் வேற மாதிரி நினைச்சுக்காதீங்க.)

போய் எறங்கின சாயங்காலம் ஆயா என்கிட்ட பேரு கேக்கல, படிப்பு கேக்கல, சாதி கேக்கல. "சாப்ட்டியா கண்ணு?" அவ்வளவுதான். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. சாப்பிட்டு முடிச்சப்பறம்தான் பேரு. அதுக்கப்பறம் சொன்னாங்க, "வகுப்பு சாயங்காலம்தான? காலையில சும்மா என்ன பண்ணுவ? வா."

அந்த "வா"தான் எனக்குக் கிடைச்ச முதல் வேலை.

சாமை அறுவடை நேரம். கதிர் அறுத்து, கட்டி, களத்துல போட்டு அடிச்சு, முறத்துல தூத்தி எடுக்கணும். எடுத்தா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. சாமைக்கு உமி உண்டு, அதுக்குள்ள தவிடு உண்டு. உரல்ல போட்டுக் குத்தி, புடைச்சு, மறுபடி குத்தி, மறுபடி புடைக்கணும். ஒரு வேளைச் சோத்துக்கு எவ்வளவு தோள்வலின்னு என் தோளுக்குத் தெரியும். இங்க பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா விடிகாலையில எழுந்து இதைச் செஞ்சிருக்காங்க. பின்னாடி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில சிறுதானியத்துக்காக வேலை பாத்தப்ப, ஊருக்குள்ளயே உமி நீக்கற சின்ன மிஷின்களைக் கொண்டுவந்தாங்க. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. "பாரம்பரியத்தைக் காப்பாத்துங்க"ன்னு மேடையில பேசறது சுலபம். அந்தப் பாரம்பரியத்தைக் குத்தறவ தோளை யாரு பாப்பா? மிஷின் இல்லாட்டி சாமை எப்பவோ போயிருக்கும்.

நிறையப் போயிடுச்சு. அதையும் சொல்லணும். நான் பாத்த சரிவுகள்ல பாதிக்கு மேல மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியா கிழங்கு எறங்குது. காசு கைக்கு வருது, பையன் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியுது. "ஏன் சிறுதானியத்தை விட்டீங்க?"ன்னு கேக்க கீழ இருந்து வந்த எனக்கு எந்த உரிமையும் இல்ல. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்ப, நகரத்து சூப்பர் மார்க்கெட்ல சாமை விலை என்னன்னு எனக்குத் தெரியும். அதுல எவ்வளவு இந்தக் களத்துக்கு வந்து சேந்துச்சுன்னு கேக்கறதுதான் நியாயமான கேள்வி.

ஆனா ஆயாவோட தொம்பைக்குள்ள இன்னும் விதை இருக்கு. மூங்கில்ல பின்னி, சாணி மெழுகின குதிர் அது.

ஒரு நாள் முறத்துல நாலஞ்சு குவியல் போட்டு உக்காந்தாங்க. எனக்கு எல்லாம் சாமை, எல்லாம் ஒண்ணு. ஆயா விரலால தள்ளிட்டே சொல்றாங்க: இது கட்டவெட்டிச் சாமை. இது மல்லியச் சாமை. இது வெள்ளப்பெருஞ்சாமை. சிலது சீக்கிரம் விளையும், சிலது மாசக்கணக்கா நிக்கும். மண்ணு மெலிஞ்ச மேட்டுக்கு ஒண்ணு, கொஞ்சம் சத்து உள்ள இடத்துக்கு ஒண்ணு. தினையில செந்தினை, பெருந்தினை, பாலந்தினை, மூக்கன் தினை. கேழ்வரகுல சுருட்டை, பெருங்கேழ்வரகு. மழை முன்னப்பின்ன ஆனா எதை விதைக்கலாம், எது பறவைக்குத் தப்பும், எதுல களி நல்லா வரும்... ஒரு நோட்டு இல்லாம, ஒரு தடுமாற்றம் இல்லாம.

நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சேன். ஆயாவுக்குச் சிரிப்பு. "எழுதிக்கோ. ஆனா தொட்டுப் பாத்துட்டு எழுது."

சிநேகிதி கேட்ட கேள்விக்கு என் முதல் பதில் அந்த நோட்டுல இருக்கு. இப்ப பாதி நிரம்பிடுச்சு.

சமையலைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும் (சாப்பாடு இல்லாம நான் பதிவு எழுதினதே இல்ல). சாமையில ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி வெச்சா குழைஞ்சு வருது, மோர் ஊத்திக் கரைச்சுக் குடிக்க நல்லாருக்கு. ரெண்டரை பங்கு வெச்சு, கொதி வந்ததும் தீயைக் குறைச்சு மூடி வெச்சா உதிரியா வருது, குழம்புக்கு அதுதான் சரி. குக்கரும் பாத்தேன், சட்டியும் பாத்தேன். சட்டிதான் ஜெயிச்சுது. அப்பறம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற ஒரு செடியோட தண்டு அது, மேல ஆட்டுக்கால் மாதிரி புசுபுசுன்னு ரோமம். அதைச் சீவிட்டு, இடிச்சு, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க விடுவாங்க. குளிர் எறங்கற சாயங்காலத்துல ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க. முட்டிவலி போகும்னு கடைக்காரங்க எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அந்த மிளகு போதும்.

மாலை வகுப்பு எப்படிப் போகுதுன்னு கேக்கறீங்களா? நல்லாப் போகுது. ஆனா நான் திட்டம் போட்டு எடுத்துட்டு வந்த அட்டைகள் எல்லாம் பைக்குள்ளயே இருக்கு. அதுல கப்பல், ரயில், கடல். இங்க பசங்க சொல்ற சொல்லு வேற. அதனால அவங்க சொல்றதை அவங்களையே எழுத வெச்சோம். கரடி, பலாச்சுளை, மிளகு, மூடுபனி, ஜீப். தனக்குத் தெரிஞ்ச பொருளோட எழுத்தைக் கண்டுபிடிக்கறப்ப ஒரு பையன் மூஞ்சியில வர்ற வெளிச்சம் இருக்கே, அதுக்காகவே தினமும் போறேன்.

"டீச்சர், உங்க ஊர்ல மலை இல்லையா?"

இருக்கே, திருச்சியில மலைக்கோட்டை இருக்கேன்னு பெருமையா சொன்னேன். எவ்வளவு உயரம்னு கேட்டாங்க. 83 மீட்டர்.

ஒரு நிமிஷம் அமைதி. கடைசி வரிசையில இருந்து ஒரு பொண்ணு: "அது பாறை டீச்சர்."

சரிதான். நானும் சேந்து சிரிச்சேன். அப்பறம் அவங்களுக்கு நான் ஒண்ணு சொன்னேன். இங்க ஆகாய கங்கை அருவியில விழற தண்ணி ஐயாறா ஓடி, கீழ எங்க திருச்சி மாவட்டத்துக்கு வந்து காவிரியில சேருது. "அப்ப நீங்க எங்க தண்ணியதான் குடிக்கறீங்க!" ஆமான்னேன். அன்னைக்கு முழுக்க அவங்க நடையே வேற மாதிரி இருந்துச்சு.

இப்ப இன்னொரு கதை. இதைச் சொல்லத்தான் முக்கியமா உக்காந்தேன்.

இந்த மலைக்கு வெளியில இருந்து வந்து தங்கினவங்கள்ல, கடல் தாண்டி வந்த ஒரு ஜோடி உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், அவரோட மனைவி எவலின் பிராண்ட். இங்கிலாந்து. எவலின் 1879ல பிறந்தவங்க, வசதியான லண்டன் குடும்பம், ஓவியம் படிச்சவங்க. 30 வயசுக்கு மேல இந்தியா வந்து, தமிழ் படிச்சு, 1913ல ஜெஸ்ஸியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு நேரா கொல்லிமலைக்கு ஏறிட்டாங்க. 70 வளைவு ரோடெல்லாம் அப்ப ஏது? டோலி, குதிரை, இல்லாட்டி நடை. மேல காத்திருந்தது மலேரியா. வாழவந்தியில வீடு கட்டி உக்காந்தாங்க.

அவங்க வந்தது மதம் பரப்ப. அதை மறைச்சு எழுத மாட்டேன், அதுல எனக்கு உடன்பாடும் கிடையாது. இங்க மக்களும் வருஷக்கணக்கா அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அவங்களுக்கு அறப்பளீஸ்வரர் இருக்கார், எட்டுக்கை அம்மன் இருக்கா, குலசாமி இருக்கு. ஆனா புண்ணோடயும் காய்ச்சலோடயும் பல்வலியோடயும் வந்தாங்க. ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்ல, ஒரு வருஷம் போல மருத்துவம் படிச்சவர். தெரிஞ்சதைச் செஞ்சார்.

நரம்புச் சிலந்தி. இந்தப் பேரை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. குடிக்கற தண்ணியில இருக்கற நுண்ணிய பூச்சி வழியா உடம்புக்குள்ள போற புழு. ஒரு வருஷம் உள்ளயே வளந்து, கிட்டத்தட்ட மூணடி நீளம் ஆகி, காலைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். இழுத்தா அறுந்து சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில சுத்தி, தினம் கொஞ்சம் கொஞ்சமா, பல நாள் எடுக்கணும். ஜெஸ்ஸி அதைச் செஞ்சார். செஞ்சுட்டே யோசிச்சார். புழு வெளிய வந்த காலோட ஜனங்க கிணத்துக்குள்ள எறங்கித் தண்ணி எடுக்குறாங்க. புழு அங்கயே தன் குஞ்சுப் புழுக்களைக் கொட்டுது. அதே தண்ணியை ஊரே குடிக்குது. அப்ப குச்சியால ஆயிரம் புழு எடுத்தும் பிரயோஜனம் இல்ல. கிணத்தைச் சுத்திக் கல்லால சுவர் எழுப்பி, கால் உள்ள எறங்காம பண்ணணும். ஊரோட பேசிப் பேசி அதைச் செய்ய வெச்சார்.

ரொம்ப வருஷம் கழிச்சு, 1980கள்ல இந்திய அரசு நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் நடத்தினப்ப செஞ்ச முக்கியமான வேலையும் இதேதான். படிக்கிணறுகளை மூடினாங்க, துணியால தண்ணியை வடிகட்டச் சொன்னாங்க. 1996ல கடைசி நோயாளி. 2000ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்துச்சு. தடுப்பூசி இல்லாம, மருந்து இல்லாம, சுவரும் துணியும் வெச்சு ஒழிச்ச நோய்! எனக்கு இதை நினைச்சாலே சிலிர்க்குது.

வந்த மொத வாரத்துல அந்தச் சுவர் யோசனை வந்திருக்கவே முடியாது. யார் எந்தக் கிணத்துல எப்படி எறங்கறாங்கன்னு பாக்க, ஒரு மழைக்காலம் ஒரு கோடைக்காலமாவது அந்த ஊர்ல தண்ணி எடுத்திருக்கணும். தன்னார்வலரா வர்றவங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியல.

1918ல விஷக்காய்ச்சல் வந்துச்சு, உலகத்தையே ஆட்டின இன்ஃப்ளூயன்சா. இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல செத்தாங்க. மலைமேலயும் வீடு வீடா படுத்துட்டாங்க. ஜெஸ்ஸியும் எவலினும் கஞ்சி காய்ச்சி எடுத்துட்டுப் போய் ஊட்டினாங்க. அவங்களை எதிர்த்த ஒரு பூசாரியே சாகற நேரத்துல தன் குழந்தையை அவங்க கையில குடுத்துட்டுப் போனார்னு அந்தக் குடும்பத்தோட வரலாறு சொல்லுது.

1929ல ஜெஸ்ஸி மலேரியாக் காய்ச்சல் முத்தி இறந்துட்டார். 44 வயசு. எவலின் இங்கிலாந்துக்கே திரும்பிப் போயிடலை. 70 வயசை நெருங்கறப்ப "ஓய்வு எடுங்க, மலைக்குப் போகக்கூடாது"ன்னு அவங்களை அனுப்பின மிஷனரி சங்கம் சொல்லிடுச்சு. சரின்னு ஓய்வு வாங்கிக்கிட்டு, சங்கத்துப் பணம் இல்லாம தனியா மறுபடி மலைக்கு வந்துட்டாங்க! கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைன்னு மட்டக்குதிரையில சுத்தினாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சப்பறமும் ரெண்டு மூங்கில் குச்சியை ஊனிக்கிட்டு நடந்தாங்க. வீட்ல முகம் பாக்கற கண்ணாடியே வெச்சுக்கலைன்னு அவங்க பையன் எழுதியிருக்கார். 1974ல, 95 வயசுல இறந்தாங்க. வாழவந்தியில ஜெஸ்ஸி பக்கத்துலயே கல்லறை.

அந்தப் பையன் பால் பிராண்ட். 1914ல பிறந்து, ஒன்பது வயசு வரைக்கும் இந்த மலையில மரம் ஏறி வளந்தவர். வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளோட மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால நிமித்திக் காட்டின அதே டாக்டர். வலி தெரியாததுனாலதான் அவங்க விரல்கள் அழியுதுன்னு உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். அவர் ஒரு நினைவு எழுதியிருக்கார். மலைச்சரிவு நெல் வயல்ல பசங்களோட தவளை பிடிச்சு விளையாடி தண்ணியைக் கலக்கினப்ப, ஒரு தாத்தா வந்து ஒரு கை சேத்துத் தண்ணியை அள்ளிக் காட்டிக் கேக்கறார்: இந்த மண்ணு கீழ ஓடிட்டா திரும்பி மேல வருமா? உலகம் சுத்தின டாக்டர், மண் அரிப்பைப் பத்திப் பேச வேண்டி வந்தப்ப, அந்த மலைத் தாத்தாவைத்தான் எடுத்துச் சொன்னார்.

அதனாலதான் "என்னத்த போய்க் கத்துக்குடுக்கற"ன்னு கேட்டப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இங்க வந்தவங்க கத்துக்குடுத்ததும் உண்டு. கத்துக்கிட்டுப் போனது அதைவிட அதிகம். அதை ஏன் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க?

இன்னொரு கோபமும் இருக்கு, சொல்லி முடிச்சிடறேன். சனி ஞாயிறுல வேன் வேனா வர்றாங்க. அருவிக்குப் போற வழியெல்லாம் பாட்டில், சிப்ஸ் கவர். அது ஒரு பக்கம். "சேவை"ன்னு வர்ற கூட்டம் இன்னொரு பக்கம். பழைய துணி மூட்டை எறக்குவாங்க, பசங்களை வரிசையா நிக்க வெச்சு போட்டோ எடுப்பாங்க, மத்தியானம் முடவாட்டுக்கால் சூப் குடிச்சுட்டு எறங்கிடுவாங்க. பட்டன் இல்லாத சட்டையும் கிழிஞ்ச சுடிதாரும் திண்ணையில கெடக்கும். இங்க யாரும் அதுக்குக் காத்துட்டு இல்ல. அந்தப் பொண்ணு, "அது பாறை டீச்சர்"னு சொன்னவ, அவளை ஒரு கிழிஞ்ச கவுனோட போட்டோவுல நிக்க வெச்சதை நான் பாத்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

உதவணும்னு மனசு இருக்கறவங்களுக்கு நான் சொல்றது: புதுப் புத்தகம் குடுங்க. தமிழ்ல, படம் போட்டது, பெரிய எழுத்து. பயன்படுத்தின புத்தகமா இருந்தாலும் கிழியாம இருக்கணும். சாமை, மிளகு, காப்பி இதெல்லாம் இங்க விவசாயிகள்கிட்ட நேரா வாங்குங்க, சந்தையில பேரம் பேசாதீங்க. தங்கி வேலை செய்ய வர்றதா இருந்தா ஒரு பருவமாவது தங்கற மாதிரி வாங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. டார்ச் எடுத்துக்கோங்க. திட்டம் ரொம்ப எடுத்துக்காதீங்க.

சிநேகிதி, உனக்கு: பொங்கலுக்கு வா. சேந்தமங்கலத்துல எறங்கி டீ குடிச்சுட்டு அடுத்த பஸ் பிடி, வளைவுல வயிறு காலியா இருந்தாலும் கஷ்டம், ரொம்ப நிறைஞ்சு இருந்தாலும் கஷ்டம். ஆயாகிட்ட சொல்லிட்டேன். "வரட்டும். முறம் பிடிக்கத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். "சரி, ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும்"னுட்டாங்க.